மலிவான கார்ப் பந்தயத்துக்கு விதிகள் எழுத உதவி வேண்டும்

வணக்கம். கொழும்பில் நாங்கள் சிலர், மாதச் சம்பளக்காரருக்கும் கட்டுப்படியாகும் கழகப் பந்தயத் தொடர் ஒன்றுக்கு விதிகள் எழுதிக்கொண்டிருக்கிறோம். கார் மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சிசி. உதிரிப்பாகங்களுக்குப் பஞ்சிகாவத்தை இருக்கிறது.

சிக்கல் செலவு வரம்பில்தான். அமெரிக்காவில் 2006இல் தொடங்கிய லெமன்ஸ் பந்தயத்தில் காரின் விலை 500 டொலருக்குள் இருக்க வேண்டும்; பாதுகாப்புக் கூண்டு, பிரேக், டயர் ஆகியவை அந்தக் கணக்கில் சேரா. உயிர்காக்கும் பொருளில் யாரும் கஞ்சத்தனம் பிடிக்கக் கூடாது என்பதே காரணம். அந்த விலக்கை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். ஆனால் 500 டொலருக்கு இங்கே கதவும் பொனட்டும் வாங்கலாம், கார் வாங்க முடியாது! நியாயமான ரூபாய் வரம்பு எது?

இன்னொன்று. சில நாட்டுக் கழகங்களில், வென்றவரின் எஞ்சினை நிர்ணயித்த விலைக்குப் போட்டியாளர் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். அதனால் இரகசியமாகப் பணத்தைக் கொட்டுவதில் பயனில்லை. நல்ல விதிதான், நம்மவர்களிடையே முகமுறிவில் முடியும் என்று அஞ்சுகிறேன். அதற்குப் பதிலாக, யாரும் திறந்தால் தெரியும்படி எஞ்சினுக்கு முத்திரை வைத்தால் போதுமா? எஞ்சினின் வலுவைக் கூட்ட சிலிண்டர் ஹெட்டின் (எஞ்சினின் மேல்மூடி) அடிப்பரப்பைச் சீவியிருப்பதைக் கழற்றாமல் கண்டுபிடிக்க வழி உண்டா?

வேண்டுமென்று இடித்தால் அன்றைய புள்ளிகள் முழுவதும் போய்விடும். இதில் விட்டுக்கொடுப்பில்லை.

கட்டுக்குருந்தைப் பந்தயத் தடத்தில் ஓடியவர்கள், வாகனப் பரிசோதகராக இருந்த அண்ணன்மார் கருத்துச் சொல்லுங்கள். கூண்டு ஒட்டத் தெரிந்த நல்ல வெல்டர் யாராவது கொழும்புப் பக்கம் இருந்தாலும் அறியத் தாருங்கள்.