படத்தைச் சுழற்றினால் மூலையில் கறுப்பு: நிறம் நிரப்புவதா, ஆல்ஃபாவா?

சாய்கோடு:
ஸ்கேன் செய்த பக்கங்கள் கொஞ்சம் சாய்ந்திருக்கின்றன. பைத்தானில் பில்லோ என்ற பட நூலகத்தின் ரொட்டேட் மூலம் 2 டிகிரி திருப்பி நிமிர்த்துகிறேன். படச்சட்டத்தைப் பெரிதாக்கும் எக்ஸ்பாண்ட் கொடுத்ததால் எழுத்து எதுவும் வெட்டுப்படவில்லை. ஆனால் நான்கு மூலையிலும் கறுப்பு முக்கோணம். ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) அங்கே இல்லாத எழுத்தையெல்லாம் படிக்கிறது. என்ன செய்யலாம்?

கட்டம்:
எதுவும் சொல்லாவிட்டால் காலி இடத்துக்கு 0 போகும், அதனால்தான் கறுப்பு. காலி இடத்தின் நிறத்தைச் சொல்லும் ஃபில்கலரில் வெள்ளையைக் கொடுங்கள். ஒரே வரி, வேலை முடிந்தது.

நிழல்:
எங்கே முடிந்தது? பழைய தாள் மஞ்சளாக இருந்தால் பக்கத்துக்கும் வெள்ளை முக்கோணத்துக்கும் நடுவே ஒரு சாய்ந்த கோடு தெரியும். பின்னணி நிறத்தை இப்போதே முடிவு செய்து படத்தோடு ஒட்டிவிட்டால் பிறகு மாற்ற வழியில்லை. ஆர்ஜிபிஏ (மூன்று நிறங்களோடு, ஒளிபுகுதன்மையைச் சொல்லும் ஆல்ஃபா சேனலும் உள்ள வகை) ஆக்கிச் சுழற்றுங்கள், மூலைகள் ஒளிபுகும். பின்னணியைக் கடைசியில் வையுங்கள்.

கட்டம்:
ஏ4 பக்கம் 300 டிபிஐ-யில் 2480 × 3508 பிக்சல். கிரேஸ்கேலில் (சாம்பல் சாயல்கள் மட்டும்) நினைவகத்தில் சுமார் 8.7 எம்பி, ஆர்ஜிபிஏ ஆனால் 35. ஆயிரக்கணக்கான பக்கங்கள் என்றால் இது சும்மா சுமை. போதாக்குறைக்கு ஜேபெக்கில் ஆல்ஃபாவே கிடையாது. சேமிக்கப் போனால் பில்லோ பிழை காட்டி நின்றுவிடும்.

நிழல்:
கிரேஸ்கேலுக்கு ஆர்ஜிபிஏ எதற்கு? எல்ஏ போதும்: சாம்பல் ஒன்று, ஆல்ஃபா ஒன்று, இரண்டே சேனல். ஃபில்கலரில் இன்னொரு தொல்லையும் உண்டு: பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து வழுவழுப்பாக்கும் பைக்யூபிக் போட்டாலும் படத்தின் விளிம்பு படிக்கட்டு போலத்தான் வரும், நிரப்பிய நிறத்தோடு கலக்காது. ஆல்ஃபாவிலும் அப்படித்தான், ஆனால் அங்கே சுழற்றும் முன் சுற்றிலும் ஒரு பிக்சல் ஒளிபுகும் ஓரம் சேர்த்தால் வழுவழுப்பாகிவிடும்.

கட்டம்:
சுற்றிலும் ஒரு பிக்சல் தாள் நிறத்தைச் சேர்த்துவிட்டு ஃபில்கலர் கொடுத்தாலும் அதே பலன்தானே! அதற்கு ஆல்ஃபா எதற்கு?

ஓரம்:
இரண்டுமே வேண்டாம். ஓபன்சிவி என்ற இன்னொரு பட நூலகத்தில், படத்தைத் திருப்பும் வார்ப்அஃபைனில் பார்டர் மோடை (ஓரத்துக்கு வெளியே எதை நிரப்புவது என்பதை) ரெஃப்ளெக்ட் என்று வையுங்கள். ஓரத்தில் இருப்பதையே பிரதிபலித்து நிரப்பிக்கொள்ளும், கோடும் தெரியாது.

நிழல்:
புகைப்படத்துக்குச் சரி. ஓரத்தில் எழுத்து இருந்தால் அதுவும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி மூலையில் வந்து உட்காரும். ஓசிஆர் அதையும் படிக்கும், ஐயா! ஓரப் பிக்சலையே நீட்டி நிரப்பும் ரெப்ளிகேட்டும் ஆபத்துதான்: ஸ்கேனர் விட்ட கறுப்புக் கோடு ஓரத்தில் இருந்தால் மூலை முழுக்க இழுபடும்.

சாய்கோடு:
எனக்குக் கடைசியில் ஜேபெக்தான் வேண்டும், பின்னணியை மாற்றப் போவதும் இல்லை. ஓரப் பிக்சல்களின் மீடியனை, அதாவது நடு மதிப்பை, தாள் நிறமாக எடுத்து ஃபில்கலரில் கொடுக்கலாமா?

கட்டம்:
கொடுங்கள். ஸ்கேனரின் கறுப்புக் கோடு மெல்லியதென்றால், ஓரத்தில் சற்று அகலமான பட்டையாக எடுத்தால் மீடியன் அதைக் கண்டுகொள்ளாது.

நிழல்:
இந்த வேலைக்கு மட்டும் ஒப்புக்கொள்கிறேன். லோகோ, ஐகான் என்றால் ஆல்ஃபாதான். இன்னொன்று, பேலட் வகை பிஎன்ஜி (ஒரு நிறப் பட்டியலின் எண்களை மட்டும் பிக்சல்களில் வைத்திருப்பது) இருந்தால் முதலில் ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் பைக்யூபிக் கேட்டாலும் கலக்காமல் அருகிலுள்ள பிக்சலையே எடுக்கும் நியரஸ்ட்தான் கிடைக்கும். நிறம் சொல்லாமல் விட்டால் பேலட்டின் 0ஆம் இடத்தில் இருக்கும் நிறம் மூலைக்கு வந்துவிடும்.