கவியரங்கில குரல் நடுங்குது, எங்கட பேச்சில எழுதினதும் வாயில மாறிப் போகுது

கேள்வி – நிலாவெளி வாசகி

வாற மாதம் திருகோணமலை டச்சுபே கடற்கரையில பின்னேரம் கவியரங்கு. கவிதை திருமலைப் பேச்சில எழுதினது. தனிய வாசிச்சா 4 நிமிசம். ஆக்கள் இருந்தா 2 நிமிசம் 40 செக்கனில முடிஞ்சிடுது. தாள் கிடுகிடுவெண்டு ஆடுது. ‘கதைக்கிறம்’ எண்டு எழுதின இடத்தில வாய் ‘பேசுகிறோம்’ எண்டுது. என்ன செய்யலாம்? மாத்திரை ஏதும் இருக்கோ?

ஒலிபெருக்கி

தங்கச்சி, முதல்ல தாளைக் கவனியுங்கோ. ஏ4 தாள் மெல்லிசு, விரலில வாற சின்ன நடுக்கம் அதின்ர மற்ற ஓரத்தில பெரிசாத் தெரியும். தடிச்ச மட்டையில வைச்சு மேலையும் கீழையும் கிளிப் போடுங்கோ, காத்துக்கும் அதுதான் காவல். எழுத்து அளவு 18, பக்கத்துக்கு 12 வரி. வசனத்தின்ர நடுவில பக்கம் புரட்ட வேண்டி வரக்கூடாது.

மைக்கைக் கையில வாங்காதேங்கோ, ஸ்ராண்டில விடச் சொல்லுங்கோ. வாயிலிருந்து நாலு விரல் தூரம், கொஞ்சம் பக்கவாட்டில. நேர வைச்சா ஒவ்வொரு ‘ப’வுக்கும் படார் எண்டு அடிக்கும். கச்சான் காத்து வீசினா பஞ்சு உறை மட்டும் காணாது. காத்துக்கு முதுகு காட்டி நிண்டா மைக் உங்கட உடம்பு மறைவில இருக்கும்.

வாடைக்காற்று

தாள் சரி. குரல் நடுங்கிறது மூச்சால. பயத்தில மூச்சு மேல்நெஞ்சோட நிண்டிடும், வரிக் கடைசிச் சொல்லுக்குக் காத்து மிச்சமிராது. 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுங்கோ. வெளிய விடுற மூச்சு நீண்டாத்தான் நெஞ்சடிப்பு இறங்கும். பேர் கூப்பிட்ட பிறகு தொடங்கினா பிந்திப்போச்சு, 5 நிமிசம் முந்தியே தொடங்க வேணும். தாளில மூச்செடுக்கிற இடமெல்லாம் சிவப்புக் கோடு போடுங்கோ, வேகமும் தானாக் குறையும். மேடைக்கு முந்தின ஒரு மணித்தியாலம் பிளேன்ரீ (பால் விடாத தேத்தண்ணி) வேண்டாம்.

வாய் மாறுறதுதான் உண்மையான சிக்கல். உளவியலாளர்கள் டேவிட் கிளார்க்கும் ஏட்ரியன் வெல்ஸும் 1995இல் சமூகப் பதற்றத்துக்கு (ஆக்களுக்கு முன்னால வாற பயத்துக்கு) தந்த விளக்கம் இது: பயத்திலிருந்து தப்பச் செய்யிற சின்னச் சின்ன வேலைகள்தான் பயத்தைச் சாகவிடாமல் வைச்சிருக்கு. ஓடி ஓடி வாசிக்கிறது, தாளை விட்டுக் கண் எடுக்காதது, மேடைத் தமிழுக்குள்ள ஒளியிறது எல்லாம் அந்த வகைதான். ‘ஒளிஞ்சபடியால்தான் தப்பினன்’ எண்டு மனம் கணக்கெழுதிக்கொள்ளுது.

அதால ரெண்டு தரம் வாசிச்சுப் போனில வீடியோ எடுங்கோ, ஒருக்கா ஒளிஞ்சு, ஒருக்கா ஒளியாமல். பாக்க முதல், எவ்வளவு நடுங்கியிருப்பன் எண்டு பத்துக்குப் புள்ளி எழுதி வையுங்கோ. பாத்த பிறகு திரும்பப் போடுங்கோ. அநேகமா ரெண்டாவது புள்ளி குறையும்.

கொட்டியாரம்

எழுத்தையும் ஒருக்கா பாருங்கோ. பிரதியில ‘என்று’ எண்டு கிடந்தா கண் அதைத்தான் வாய்க்குக் குடுக்கும். வாசிக்கிற பிரதியில ‘எண்டு’, ‘எங்கட’, ‘பேந்து’ எண்டு வாயில வாறபடியே எழுதுங்கோ. புத்தகத்துக்கான பிரதி வேற. (திருமலைப் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறவை ரெண்டு பேர் இருப்பினம். அவை எந்தத் தமிழுக்கும் சிரிப்பினம்.)

மாத்திரையை நீங்களா வாங்காதேங்கோ. ப்ரோப்ரனோலோல் கை நடுக்கத்தையும் நெஞ்சடிப்பையும் குறைக்கும், ஆனா ஆஸ்துமா உள்ளவைக்கு ஆபத்து. டொக்டர் எழுதித் தந்தா மட்டும்தான், அதுவும் மேடை நாளுக்கு முந்தி ஒருநாள் வீட்டில போட்டுப் பாத்துட்டு. மேடை மட்டுமில்லாமல் போன் எடுக்கிறது, கடைக்குப் போறது எல்லாம் ஆறு மாதத்துக்கு மேல தவிர்க்கிற நிலை எண்டா அது கவியரங்குப் பயம் இல்லை. 1926க்கு எடுங்கோ, இலங்கையின்ர தேசிய மனநல உதவி இலக்கம்.

நிலாவெளி வாசகி

நன்றி. நடுவில வரி தவறினா?

வாடைக்காற்று

மன்னிப்புக் கேக்காதேங்கோ, முதல் வரிக்கும் திரும்பாதேங்கோ. விரலைத் தாளில வைச்சு, ஒரு மூச்சு விட்டு, அடுத்த சிவப்புக் கோட்டிலிருந்து தொடங்குங்கோ. அண்டு ராத்திரி ஆரிட்டையும் ‘எப்பிடி இருந்தது’ எண்டு கேக்கவும் வேண்டாம். எத்தனை நிமிசம் போச்சு, எந்த வரியில தடக்கினது, எந்த வரிக்குச் சனம் அசைஞ்சது எண்டு மட்டும் எழுதிட்டுப் படுங்கோ.