கூரை ஏறும் முன் கையெழுத்து வாங்கிவிட்டால் இழப்பீடு தர வேண்டியதில்லையா?

கேள்வி (கானாடுகாத்தான்):

எங்கள் பங்கு வீட்டின் இரண்டாங்கட்டில் ஓட்டுக்கூரையைப் பிரிக்க ஒரு மேஸ்திரியிடம் வேலையைப் பேசிவிட்டேன். பங்காளிகள் பெரும்பாலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பதால், ஆளை அமர்த்தியது முதல் பணம் கொடுத்தது வரை எல்லாம் நான்தான். ஆண்டுக்கணக்கில் மழைநீர் இறங்கி, ஓட்டைத் தாங்கும் கைமரங்களின் முனைகள் சுவருக்குள் பதிந்திருக்கும் இடத்தில் இற்றுப்போயிருந்தன. கீழிருந்து பார்ப்பவருக்கோ மரம் நல்ல மரமாகவே தெரியும். ‘கூரை பழையது என்பதை அறிவேன், எனக்கு ஏதேனும் நேர்ந்தால் வீட்டுக்காரர் பொறுப்பல்ல’ என்று எழுதி, மேலே ஏறிய தொழிலாளியிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தேன். மரம் முறிந்து அவர் தொங்கியபோது, அவருடைய மைத்துனர் பிடித்துத் தூக்க ஓடினார். அந்தப் பகுதியும் சரிந்து இருவரும் விழுந்தார்கள். ஒருவருக்கு இடுப்பெலும்பு, மற்றவருக்கு மணிக்கட்டு. இப்போது இருவர் சார்பிலும் வழக்கறிஞர் அறிவிப்பு வந்திருக்கிறது. தெரிந்தே ஏறியவர் வழக்குத் தொடுக்க முடியுமா?

பதில் (வழக்கறிஞர், தேவகோட்டை):

ஐயா, தாமாக இசைந்தவருக்குத் தீங்கு இல்லை என்ற கோட்பாடு, பிறர் இழைத்த தீங்குக்கு இழப்பீடு கேட்க வழிசெய்யும் தீங்கியல் சட்டத்தில் உண்டு. வோலன்டி நான் ஃபிட் இஞ்சூரியா என்று லத்தீனில் சொல்வார்கள். ஆனால் ஆபத்து இருப்பதை அறிந்திருப்பது வேறு, அதனால் வரும் இழப்பைத் தானே தாங்கிக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொள்வது வேறு. 1891இல் ஸ்மித் எதிர் பேக்கர் வழக்கில் அன்று இங்கிலாந்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் அவை இதைத் தீர்த்துவைத்தது. ரயில் பாதைக்காகப் பாறையில் துளையிட்டுக்கொண்டிருந்த தொழிலாளியின் தலைக்கு மேலே பாரந்தூக்கி கற்களைச் சுமந்து சென்றுகொண்டிருந்தது. அது ஆபத்து என்று அவருக்கு நன்றாகவே தெரியும். ஒரு நாள் கல் விழுந்தது. தெரிந்துகொண்டே வேலையைத் தொடர்ந்தார் என்பதனாலேயே அவர் இசைந்தார் என்று ஆகிவிடாது என்றார்கள். நம் நீதிமன்றங்களும் அந்தப் போக்கிலேயே செல்கின்றன. அன்றாடக் கூலியை நம்பி வந்தவர் ‘ஏற மாட்டேன்’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகும் நிலையில் இருந்தாரா என்பதையே நீதிபதி முதலில் பார்ப்பார்.

உங்கள் தாளில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. கூரை பழையது என்றுதான் அவர் கையெழுத்திட்டார். சுவருக்குள் மரமுனை இற்றுப்போனதை அவர் அறிந்திருந்தாரா? ஆபத்தின் முழு அளவையும் அறியாதவரின் இசைவு இசைவாகாது. அதை மெய்ப்பிக்கும் சுமையும் எதிர்வாதம் செய்யும் உங்கள் மேல்தான் விழும். நீங்கள் அறிந்திருந்து அவரிடம் சொல்லாமல் விட்டீர்கள் என்று சாட்சியத்தில் வந்தால், இந்தத் தாள் உங்களைக் காப்பதற்குப் பதிலாக உங்களுக்கு எதிரான ஆவணமாகவே நிற்கும்.

மேஸ்திரி தம் தொழிலாளிக்குத் தர வேண்டிய இழப்பீடு தனி விஷயம். அந்த உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்திலேயே 17ஆம் பிரிவு இருந்தது.

பதில் (சிராவயல் பக்கத்துக்காரர்):

இந்த வாதம் எனக்கு முழுமையாக ஒப்பவில்லை. தை மூன்றாம் நாள் எங்கள் ஊர்ப் பொட்டலில் மஞ்சுவிரட்டுக்குக் கட்டுமாடு அவிழ்த்துவிடும்போது, நடுவில் போய் நிற்பவர்களை மாடு முட்டத்தான் செய்யும். அப்படிக் குத்துப்பட்டவர் மாட்டுக்காரர் மேல் வழக்குப் போட்டால் ஊரே சிரிக்கும். ஆபத்தை அறிந்து நிற்பவருக்கு ஒரு நியாயம், அறிந்து ஏறியவருக்கு ஒரு நியாயமா?

பதில் (வழக்கறிஞர், தேவகோட்டை):

இரண்டும் ஒன்றல்ல என்பதுதான் என் கருத்து. பொட்டலுக்கு வருபவர் தம் விருப்பத்துக்காக வருகிறார். வராமல் இருந்தால் அன்றைக்கு அவர் வீட்டில் உலை கொதிக்காமல் போய்விடாது. விளையாட்டுக்கே உரிய ஆபத்தைப் பார்வையாளர் ஏற்கிறார் என்பதற்கு 1932இல் முடிவான புரூக்லண்ட்ஸ் கார்ப் பந்தய வழக்கை எல்லாப் பாடப்புத்தகங்களும் காட்டும். அங்கே இரண்டு கார்கள் மோதி, ஒன்று தடுப்பைத் தாண்டிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஆனாலும் பந்தயத்தை நடத்திய மன்றம் பொறுப்பிலிருந்து தப்பியது. அதற்கு முன் எந்தக் காரும் அந்தத் தடுப்பைத் தாண்டியதில்லை, நியாயமான கவனம் எடுத்திருந்தார்கள் என்பதும் அதில் ஒரு காரணம் என்பதை மறந்துவிடுகிறோம். கோயில் திருவிழாவில் தேங்காய்ச் சிரட்டை வெடி மேலே போகாமல் கூட்டத்துக்குள் பாய்ந்து ஒருவர் காயமுற்ற வழக்கில், வெடி போட்டது ஒப்பந்தக்காரர் என்றாலும் அமர்த்தியவர்கள் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்றுதான் 1968ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ள தீர்ப்பில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. வேடிக்கை பார்க்க வந்தவர் என்பதற்காக எதையும் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

கேட்டவர்:

ஓடிப்போய்ப் பிடித்த மைத்துனரை யாரும் ஏறச் சொல்லவில்லை. அவர் எந்தத் தாளிலும் கையெழுத்திடவும் இல்லை. அவருடைய கோரிக்கையாவது நிற்காது அல்லவா?

பதில் (வழக்கறிஞர், தேவகோட்டை):

ஐயா, இருவரில் அவருடைய வழக்குத்தான் வலுவானது. 1935ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ள ஹேன்ஸ் எதிர் ஹார்வுட் வழக்கில், கவனிப்பாரின்றித் தெருவில் நிறுத்தியிருந்த வண்டியின் குதிரைகள் மிரண்டு ஓட, மக்களைக் காப்பாற்ற ஒரு காவலர் பாய்ந்து அவற்றை அடக்கிக் காயமுற்றார். தாமாகவே ஆபத்தில் இறங்கினார் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒருவரின் கவனக்குறைவால் இன்னொருவர் உயிருக்கு ஆபத்து வந்தால், காப்பாற்ற மூன்றாமவர் ஓடுவார் என்பது எதிர்பார்க்கத்தக்கதே. கண் முன்னே அக்காள் கணவர் தொங்கும்போது கூரையின் வலிமையை ஆராய்ந்துகொண்டு நிற்பவர் யார்?

உங்களுக்கு மிஞ்சியிருக்கும் வழி வேறு. முட்டுக்கொடுத்துச் சாரத்தில் நின்றே ஓட்டைப் பிரிக்க வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொல்லி, அதற்கான பொருளையும் கொடுத்திருந்து, அதை மீறி அவர்கள் கூரைமேல் நடந்தார்கள் என்றால், அந்தச் சாட்சியம் உதவும். வெடிவைக்கும் தொழிலாளர்கள் இருவர் முதலாளியின் கட்டளையையும் விதியையும் தாங்களே கூடிப் பேசி மீறியபோது, அவர்களில் ஒருவர் கேட்ட இழப்பீட்டை பிரபுக்கள் அவை 1964இல் மறுத்திருக்கிறது. அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், அவர்கள் பங்குக்கும் கவனக்குறைவு உண்டு என்று காட்டினால் தொகையை விகிதப்படி குறைக்க இடமிருக்கிறது. சாரக்கட்டைக்கும் முட்டுக்கும் பணம் கொடுத்த ரசீது, மேஸ்திரிக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றைத் தேடி எடுத்து வையுங்கள். பதில் அறிவிப்பில் அந்தக் கையெழுத்துத் தாளை முன்னால் நிறுத்த வேண்டாம்.