புரட்சி அரசில் தொழிலாளர் சபைகளுக்கு என்ன வேலை?

கேள்வி: ரஷ்யாவில் 1917-இல் கம்யூனிஸ்ட் கட்சி (போல்ஷெவிக்குகள்) ஆட்சியைப் பிடித்த பிறகு தொழிலாளர் சபைகளுக்கு என்ன வேலை மிச்சம்? சோவியத் என்றாலே சபை என்றுதான் அர்த்தம், ஆனால் நான் படித்தவரை எல்லாவற்றையும் முடிவு செய்தது கட்சிதான்.

பதில் 1: ஆரம்பத்தில் அப்படி இல்லை. 1905-இல் பீட்டர்ஸ்பர்க்கில் வேலைநிறுத்தத்தை நடத்தத்தான் சபையே பிறந்தது, 500 தொழிலாளருக்கு ஒரு பிரதிநிதி. 1917-இல் பிரதிநிதி சரியில்லை என்றால் அனுப்பிய ஆலையே அவரைத் திருப்பி அழைத்துக்கொள்ளும், அடுத்த தேர்தல்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

பதில் 2: சரி, அது எத்தனை நாள் நீடித்தது? 1917 நவம்பரில் தொழிலாளர் கட்டுப்பாட்டு ஆணை போட்டு, ஆலையின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமைவரை கொடுத்தார்கள். அப்புறம் உள்நாட்டுப் போர் வந்தது, தொழிலாளர் கட்டுப்பாடு போய் ஆலைக்கு ஒற்றை நிர்வாகி என்றானது. 1921 மார்ச்சில் பீட்டர்ஸ்பர்க் அருகே க்ரோன்ஸ்டாட் தளத்தில் இருந்த கடற்படையினர் ரகசிய வாக்கெடுப்போடு சபைகளுக்குப் புதுத் தேர்தல் கேட்டார்கள். கிடைத்தது பீரங்கிக் குண்டு.

பதில் 3: போரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. யூகோஸ்லாவியாவில் 1950-இல் சட்டம் போட்டே ஆலைகளைத் தொழிலாளர் சபைகளிடம் கொடுத்தார்கள், அங்கும் கட்சி ஒன்றுதான். என்னைக் கேட்டால், சபையில் கட்சியை எதிர்த்துப் பேசி ஜெயிக்க முடியாவிட்டால் அது வெறும் கைதட்டும் கூட்டம்.

கேள்வி கேட்டவர்: அப்படியானால் பல ஆலைகளுக்கும் சேர்த்து யார் திட்டம் போடுவது? அங்கேதான் எனக்கு இடிக்கிறது.