செல்ஃப் அமுக்கினால் படகே இருட்டாகிறது, பேட்டரியோ 12.7 காட்டுகிறது: எங்கே பார்ப்பது?

நாகை_வழிவலை:
அண்ணன்மார்களே, அவசரமாக ஒரு யோசனை வேண்டும், நாளை மறுநாள் தொழிலுக்குப் போக வேண்டும். வழிவலைப் படகு (வலையை நீரோட்டத்தில் மிதக்கவிட்டுப் பிடிப்பது), 12 வோல்ட், எஞ்சின் அறையில் மரப்பெட்டிக்குள் ஒரே ஒரு 150 ஆம்பியர் பேட்டரி, வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மீன்பிடித் தடைக்காலத்தில் கரையேற்றி பெயிண்ட் அடித்து இறக்கினோம், அதற்கப்புறம்தான் இந்தத் தொல்லை. எஞ்சின் ஓடும்வரை ஜிபிஎஸ், ஆழம் பார்க்கிற எக்கோ சவுண்டர், விஹெச்எஃப் ரேடியோ எல்லாம் ஓடுகின்றன, ஆனால் ரேஸ் கொடுத்தால் லைட் தேவைக்கு மேல் பளிச்சென்று எரிகிறது. வலையை விட்டுவிட்டு எஞ்சினை நிறுத்தினால் லைட் மங்குகிறது. அப்புறம் செல்ஃப் பட்டனை அமுக்கினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், அணியத்திலிருந்து அமரம் வரை, முன்னாலிருந்து பின்னால்வரை இருட்டு. போன தடவை பக்கத்துப் படகுக்காரர்கள் அவர்கள் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்தார்கள், பிளஸ்ஸை எங்கள் பேட்டரியிலும் மைனஸை எஞ்சினிலும் மாட்டியதும் ஒரே அடியில் எடுத்துவிட்டது. கரைக்கு வந்து சார்ஜ் போட்டு, ஒரு நாள் விட்டுப் பார்த்தால் மீட்டரில் 12.7. எங்கள் ஆள் ஸ்பானரை டெர்மினலில் உரசி தீப்பொறி பார்த்துவிட்டு பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது என்கிறான். படகை ஓட்டும் ஸ்ராங்கு புது பேட்டரி போடச் சொல்கிறார். வாங்கிவிடவா?

மீன்கரை:
ஒரு செல் போயிருக்கும் தம்பி. எனக்கும் இப்படித்தான் ஆச்சு, புதுசு போட்டதும் சரியாகிவிட்டது.

படகு_வயரிங்:
வாங்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. பக்கத்துப் படகுக்காரர் மைனஸை நேராக எஞ்சினில் கொடுத்ததும் எடுத்துவிட்டது என்றால், உங்கள் பேட்டரி மைனஸிலிருந்து எஞ்சினுக்குப் போகிற எர்த் கேபிளைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன், ஏனென்றால் அவர்கள் ஒயர் அதைத் தாண்டிப் போய்விட்டது. ரேஸ் கொடுத்தால் லைட் பளிச்சிடுவதும் அதே கதைதான். டைனமோ பேட்டரியைச் சரியாகத் தொட முடியாததால் அதன் வோல்டேஜ் ஏறி இறங்குகிறது, அந்த அடி லைட்டில் விழுகிறது, ஜிபிஎஸ்ஸும் ஒரு நாள் இதிலேயே போய்விடும். பேட்டரிக்கும் சார்ஜ் ஒழுங்காக ஏறாது.

சும்மா இருக்கும்போது 12.7 காட்டுவதால் வயர் நல்லது என்று ஆகிவிடாது. மீட்டர் இழுக்கிற கரண்ட் ஒன்றுமே இல்லை, ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் முழு வோல்டேஜ் காட்டும். செல்ஃப் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும், அப்போதுதான் குட்டு வெளிப்படும். அதனால் மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒருவர் செல்ஃப் பட்டனை அமுக்கும்போதே மூன்று இடத்தில் பாருங்கள்: பேட்டரியின் இரண்டு ஈயக் குமிழுக்கு நடுவில், பிளஸ் குமிழிலிருந்து செல்ஃப் மோட்டார் போல்ட் வரை, மைனஸ் குமிழிலிருந்து எஞ்சின் பிளாக்கின் சுரண்டிய இரும்பு வரை. கிளாம்பில் வைக்காதீர்கள், ஈயத்திலேயே வையுங்கள். முதலாவது 9.6க்குக் கீழே விழுந்தால் ஸ்ராங்கு சொல்வது சரி. கடைசி இரண்டும் அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

சோளகம்:
அதற்கு முன்னால் அந்த ஸ்பானர் உரசும் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறிக்கு வெடிக்கும். மூடி போட்ட மரப்பெட்டியில் அது மேலே போய்த் தேங்கி நிற்கும். துறைமுகத்தில் ஒரு பையனின் முகத்தில் மூடியும் ஆசிடும் சேர்ந்து தெறித்ததைப் பார்த்தவன் நான். நல்ல தண்ணீர் குடத்தோடு பக்கத்திலேயே இருந்ததால் கண் தப்பியது, விடாமல் ஊற்றிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெட்டியின் மேல்பக்கம் காற்றோட்டத்துக்கு வழி வையுங்கள், அடுப்பையும் பீடியையும் அந்தப் பக்கமே விடாதீர்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். இன்னொன்று, எஞ்சின் அறையில் தண்ணீர் ஏறி உப்புத் தண்ணீர் பேட்டரிக்குள் போனால் குளோரின் வாயு வரும், பேட்டரி தாழ்வாக இருந்தால் உயர்த்திக் கட்டுங்கள்.

நாகை_வழிவலை:
பார்த்துவிட்டேன் அண்ணே. செல்ஃப் அமுக்கும்போது பேட்டரியில் 11.9, பிளஸ் பக்கம் 0.2, மைனஸ் பக்கம் 7க்கு மேல்! ஆனால் கேபிள் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, போல்ட்டும் இறுக்கம்.

படகு_வயரிங்:
7 வோல்ட் அந்தக் கேபிளிலேயே செத்துப்போனால் செல்ஃப் எப்படிச் சுற்றும்? லைட் சுவிட்ச் போர்டின் மைனஸும் எஞ்சின் பிளாக்கிலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன், அதனால்தான் செல்ஃபோடு சேர்ந்து லைட்டும் போகிறது. பேட்டரி மைனஸை முதலில் கழற்றுங்கள், அப்புறம் எஞ்சின் பக்கத்து லக்கை (கேபிள் நுனியில் போல்ட் மாட்டும் வளையம்) கழற்றி, ரப்பரை அரை சாண் உரித்துப் பாருங்கள். கரையில் பெயிண்ட் அடித்தபோது லக்கின் அடியில் பெயிண்ட் போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

நாகை_வழிவலை:
இரண்டுமே இருந்தது. லக்கின் அடியில் வட்டமாக நீலப் பெயிண்ட். உரித்தால் உள்ளே செம்பே இல்லை, பச்சைப் பொடி கொட்டுகிறது, விரலால் தேய்த்தால் இழைகள் முறிகின்றன. நாலைந்து இழைதான் பிடித்துக்கொண்டிருந்தது. வெள்ளீயம் பூசிய செம்புக் கேபிள் 50 ஸ்கொயர் எம்எம் வாங்கி, கடையிலேயே லக்கை அழுத்தி, பசை உள்ள ஸ்லீவைச் சுட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். பிளாக்கை இரும்பு தெரியச் சுரண்டி மாட்டினேன். இப்போது மைனஸ் பக்கம் 0.1, எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14.2. லைட் ஆடவே இல்லை.

படகு_வயரிங்:
சரியான அளவு. போல்ட்டின் மேலே கிரீஸ் தடவுங்கள், லக்குக்கும் இரும்புக்கும் நடுவில் வேண்டாம். 15 வோல்ட்டைத் தாண்டினால் மட்டும் டைனமோ ரெகுலேட்டரைப் பார்க்க வேண்டும்.

சோளகம்:
விஹெச்எஃப்புக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் தனியாக ஒரு சின்ன பேட்டரி, பக்கத்திலேயே ஃபியூஸ் போட்டு, உயரமான இடத்தில் வைத்துவிடுங்கள் தம்பி. போன் எடுக்காத தூரத்தில் கடலோரக் காவல்படையின் 1554 அடித்தும் பயனில்லை, விஹெச்எஃப்பில் ஆபத்துக்குக் கூப்பிடும் சேனல் 16 மட்டும்தான் கை கொடுக்கும், அதற்கும் கரண்ட் வேண்டும்.

நாகை_வழிவலை:
அந்த வேலையையும் முடித்துவிட்டுத்தான் கிளம்புவேன் அண்ணே. ஸ்பானரை ஆளிடமிருந்து வாங்கி வைத்துவிட்டேன்.