பழைய காற்றாலைக்குப் பதில் 2 மெகாவாட், வீட்டுக்கு 450 மீட்டர்: எதற்குப் பயப்பட வேண்டும்?

தென்காற்று:
ஆரல்வாய்மொழிப் பக்கம் பழைய 225 கிலோவாட் காற்றாலைகளைக் கழற்றிவிட்டு 2 மெகாவாட் ஒன்று நிறுத்தப் போகிறார்கள். வீட்டுக்கு மேற்கே 450 மீட்டர். கோபுரம் 120 மீட்டர், இறக்கை வட்டம் 110 மீட்டர். சத்தம், சுற்றும் இறக்கையின் ஓடும் நிழல், காதுக்குக் கேட்காத ஒலி என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். வீட்டில் வலிப்பு உள்ள பையன் வேறு. எது உண்மை?

ஒலிமானி:
அண்ணாச்சி, முதலில் தூரத்தைப் பிடியுங்கள். மத்திய அரசின் 2016 வழிகாட்டுதல்படி குடியிருப்புக்கு 500 மீட்டருக்குள் வைக்கக் கூடாது. கான்கிரீட் போடும் முன்பே கலெக்டரிடம் மனு கொடுத்துவிடுங்கள், போட்டபின் நகர்த்த முடியாது.

இயந்திரத்தின் ஒலித்திறன் (அது கிளப்பும் மொத்த ஒலி) 105 டெசிபல் என்று வைத்தால் உங்கள் வாசலில் 41, 42 வரும். குடியிருப்புக்கான இரவு வரம்பு 45. விதிக்குள்தான், ஆனால் அதே தூரத்தில் இன்னொன்று வந்தால் 3 டெசிபல் கூடி வரம்பைத் தொட்டுவிடும். ஆடியில் மேற்கிலிருந்து வீசும் காற்று சத்தத்தை உங்கள் பக்கமே தள்ளும். இரவில் தரையில் காற்று அடங்கி, உயரத்தில் மட்டும் வீசும்போது இலைச் சலசலப்பு இருக்காது. இறக்கையின் ஏறி இறங்கும் வீச்சொலி அப்போதுதான் தூக்கத்தைக் கெடுக்கும். இதை லேசாக எடுக்க வேண்டாம்.

நரம்பியல்_வாசகன்:
பையன் விஷயம்: நிமிடத்துக்கு 14 சுற்று என்றால், மூன்று இறக்கைக்கு நொடிக்கு 0.7 வெட்டு, அதாவது நிழல் வெளிச்சத்தை மறைக்கும் தடவை. ஒளியால் தூண்டப்படும் வலிப்புக்கு நொடிக்கு 3 வெட்டுக்கு மேல்தான் ஆபத்து. 43 சுற்று ஓடும் பழைய மெஷினுக்கே 2.15 வரும். ஆனால் இரண்டு மூன்று காற்றாலைகளின் நிழல் ஒரே ஜன்னலில் விழுந்தால் வெட்டுகள் கூடும். வலிப்பு உள்ள எல்லோருக்கும் ஒளி பிரச்சினை இல்லை. பளிச்சிடும் விளக்கு வைத்து எடுக்கும் இஇஜி (மூளையின் மின் அலைப் பதிவு) சொல்லிவிடும், டாக்டரிடம் கேளுங்கள்.

கோபுரம் மேற்கே இருப்பதால் நிழல் சாயங்காலம் வரும். ஜெர்மனியில் ஒரு வீட்டில் நிழல் விழ வரம்பு ஆண்டுக்கு 30 மணி, நாளுக்கு 30 நிமிடம். நிழல் விழும் நேரத்தில் மெஷினைத் தானே நிறுத்தும் கட்டுப்பாட்டை எழுத்தில் கேளுங்கள்.

கியர்பாக்ஸ்:
கேட்காத ஒலிக்குப் பயப்பட வேண்டாம். வீட்டுத் தூரத்தில் அது செவிக்கு எட்டும் அளவுக்குக் கீழேதான் இருக்கும். 2020 பின்லாந்து ஆய்வில், அதனால் உடம்புக்கு முடியவில்லை என்றவர்களாலும் ஒலி இருப்பதைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

கேட்கிற சத்தத்தைத்தான் கவனிக்க வேண்டும். விசில் என்றால் இறக்கையின் முன்விளிம்பு தேய்ந்திருக்கும், இல்லை நுனியில் மின்னல் தாக்கிய ஓட்டை. ஒரே சுருதியில் முனகல் என்றால் கியர் பல். தலைப்பகுதி காற்றுக்குத் திரும்பும்போது கிறீச்சென்றால் திருப்பு பிரேக் பட்டை. தேதி, நேரம், காற்றுத் திசை, எந்தச் சத்தம் என்று குறித்து வையுங்கள். "சத்தமா இருக்கு" என்று மட்டும் சொன்னால் சர்வீஸ் ஆள் எதையும் தேட மாட்டார்.

ஒலிமானி:
ஒன்று விட்டுப்போச்சு. புது மெஷின் வரும் முன்பே இரவு 10 முதல் 6 வரை ஒரு வாரம் அளந்து வையுங்கள். முதல் தர ஒலிமானி, ஒன்றரை மீட்டர் உயரம், மைக்குக்குப் பஞ்சுறை. போன் செயலி காற்று மோதுவதையே சத்தமாகக் காட்டும். புது மெஷின் வந்த பிறகு அதைப் பத்து நிமிடம் ஓட்டி, பத்து நிமிடம் நிறுத்தி அளந்தால் வித்தியாசத்தை யாரும் மறுக்க முடியாது.