கஞ்சமலை அடிவாரத்தில் பழைய இரும்பு உலை மேடு: உதவி வேணும்ங்க

வணக்கம்ங்க. சேலம் பக்கத்துல இருக்கற கஞ்சமலை அடிவாரத்துல எங்க பெரியப்பா காட்டை ஜேசிபி விட்டுச் சமன் பண்ணப் போறாங்க. காட்டோரத்து மேடு முழுக்க இரும்புக் கிட்டம், அதாவது இரும்பு காய்ச்சினப்போ மிஞ்சின கசடு. நேத்து கிளறினப்போ விரல் நுழையுற ஓட்டையோட ஒரு சுடுமண் குழாய்த் துண்டு கிடைச்சது. ஒரு முனையில கிட்டம் கண்ணாடி மாதிரி உருகி ஒட்டியிருக்கு. துருத்திக் காத்து உலைக்குள்ள போன வழி அது. கையில வச்சுப் பார்த்ததும் கண்ணு கலங்கிடுச்சு.

1830-ல பரங்கிப்பேட்டையில ஹீத்ங்கற வெள்ளைக்காரத் துரை இரும்பாலை தொடங்கினது சேலத்துத் தாதுவை நம்பித்தான். அதுக்கு ரொம்ப முன்னாடியே நம்ம ஆளுங்க கரியும் தாதுவும் போட்டு இங்க இரும்பு காய்ச்சினாங்க.

பெரியப்பா பதினஞ்சு நாள் பொறுக்கறேன்னிருக்கார். தொல்லியல் துறைக்கு எப்படி எழுதணும்? மேட்டை எப்படி அளந்து படம் எடுக்கணும்? குழாயைக் கழுவலாமா, மண்ணோடவே வைக்கணுமா? தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.